எடுக்கக் கூடாத போன்

எங்கள் வீட்டில் போன் அடித்தால் எடுக்கக் கூடாது. அதுதான் சட்டம்.

என் வீட்டுக்காரர் லாரி டிரைவர். எருமப்பட்டியிலிருந்து வடக்கே கிளம்பினால் திரும்ப இருபது நாள் ஆகும். கல்யாணமான புதிதில் எங்கேயாவது ஒரு பூத்திலிருந்து முக்கு மளிகைக் கடைக்குப் பேசுவார். கடைக்காரர் ஆள் விட்டு, நான் ஓடிப் போவதற்குள் லைன் அறுந்துவிடும். அப்புறம் ஆளுக்கொரு பட்டன் போன் வந்தது. வெளிமாநிலத்திலிருந்து பேசினால் காசு பறந்த காலம் அது. அதனால் மிஸ்டு கால். ஒரு தடவை அடித்து நின்றால் போய்ச் சேர்ந்தாயிற்று, இரண்டு தடவை அடித்தால் லோடு ஏற்றிக் கிளம்பியாயிற்று. ஒருநாள் ஆசை தாங்காமல் எடுத்துவிட்டேன். "எதுக்குப் புள்ள எடுத்தே? வெய்யி மொதல்ல" என்றார். எனக்குக் கோபம் வந்தால் லேசில் இறங்காது. அந்த நடை முடிந்து வீட்டுக்கு வந்தவரிடம் மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மகள் வேலைக்குப் போனதும் எங்கள் இருவருக்கும் டச் போன் வாங்கித் தந்தாள். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் முகம் பார்த்தே பேசலாம் என்றாள். நாலு நாள் பேசினோம். "சாப்டீங்களா?" "ஆச்சு." அதற்கு மேல் என்ன பேசுவது? இத்தனை வருஷம் மணியடித்தே குடும்பம் நடத்தியவர்களுக்கு வாய் வரவில்லை. போன்தான் மாறியது, நாங்கள் பழைய மிஸ்டு காலுக்கே போய்விட்டோம். "தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டுங்க" என்று நானே அவரைக் கேலி செய்தேன். பாழாய்ப்போன வாய்.

போன கார்த்திகையில் ஒரு மத்தியானம். களத்தில் கடலைக்காய் காயப் போட்டிருந்தேன். அவர் அன்று நாக்பூர் போய்ச் சேர வேண்டும். போன் அடித்தது, அவர் நம்பர்தான். வழக்கம்போல எடுக்கவில்லை. ஆனால் நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தது. "கட் பண்ணத் தெரியாம தடவீட்டு இருக்கறாரு" என்று பக்கத்துக் காட்டுக்காரியிடம் சொல்லிச் சிரித்தேன். கடைசியில் ஓய்ந்தது.

சாயங்காலம் மறுபடி அடித்தது. புது நம்பர் என்பதால் எடுத்தேன். நம் பக்கத்து டிரைவர் ஒருவர் பேசினார். நாக்பூருக்கு முன்னாலேயே ரோட்டோரம் வண்டியை ஒழுங்காக ஒதுக்கி நிறுத்தி, ஸ்டியரிங்கில் சாய்ந்து கிடந்தாராம். மாரடைப்பு. இப்போதெல்லாம் துணைக்குக் கிளீனர் போவதில்லை, தனி ஆள். அவர் போனில் கடைசியாக இருந்தது என் நம்பர்.

"நீ எடுத்திருந்தாலும் அவ்வளவு தூரத்துல என்னம்மா பண்ணியிருப்ப?" என்கிறாள் மகள். ஒன்றும் பண்ணியிருக்க முடியாதுதான். 'ஏனுங்க' என்று ஒரு சொல்லாவது அவர் காதில் விழுந்திருக்கும். அதைக்கூட ஆற்றிக்கொள்வேன். அந்த மனுஷன் உயிர் போகிற நேரத்தில் என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். நானோ, பத்திரமாகப் போய்ச் சேர்ந்துவிட்டார் என்ற நிம்மதியில் கடலைக்காயைக் கிளறிக்கொண்டிருந்தேன்.