மஞ்சள் பெட்டிகளுக்கு நடுவில் இருந்த தண்ணீர்

கல்லடியில் புதுப் பாலம் திறந்த பிறகு ஒரு மாரியில், மணல்மேட்டை வெட்டித் திறப்பதற்கு முன்பே முகத்துவாரம் தானாக உடைத்துக்கொண்டு கடலுக்குள் ஓடியது. வயல் வட்டைகளில் நின்ற வெள்ளம் வடிந்ததென்று வெள்ளாமைக்காரர்கள் சந்தோசப்பட்டார்கள். இறாலெல்லாம் கடலுக்குப் போய்விட்டதென்று மீன்பிடிக்கிற நாங்கள் தலையில் கைவைத்தோம். அதற்கடுத்த கோடையில்தான் அந்த மஞ்சள் பெட்டிகள் எங்கள் ஆற்றுக்கு வந்தன. படித்தவர்கள் வாவி என்பார்கள்; எங்களுக்கு அது ஆறுதான்.

ஒரு பெட்டியை இக்கரைக் கண்டல் மரங்களோரமும் மற்றதை அக்கரையிலும் தண்ணீருக்குள் இறக்கினார்கள். நடுவில் கிடந்தது நானும் மச்சானும் வலை போடும் இடம். மச்சான் என் மனைவியின் அண்ணன். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே தோணி. மழை வருமென்று ரேடியோ சொன்னால் அன்றைக்கு வலையைக் காயப்போடுகிற மனிதர் அவர்.

பெட்டிக்குப் பொறுப்பாக வந்த மிஸ் பொறுமையாகச் சொன்னார்: ஒரு பெட்டி சத்தம் விடும், மற்றது கேட்கும், தண்ணீரில் சூடோ உப்போ கூடினால் சத்தம் வேகமாகப் போய்ச் சேரும், சூட்டைத் தனியாகப் பார்த்துக்கொண்டால், மிச்ச வேகத்தில் உப்பு எவ்வளவென்று பிடித்துவிடலாம். மச்சான் துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு அதன் காம்பில் காதை வைத்தார். பாடும் மீனை நாங்கள் அப்படித்தான் கேட்போம்.

"ஒண்டும் கேக்குதில்ல புள்ள."

"மனுசக் காதுக்குக் கேக்காது ஐயா."

"அப்ப மீனுக்குக் கேக்குமோ?"

"சரியாத் தெரியாது ஐயா."

திரும்பி வரும்போது நான் கேலி செய்தேன். "என்ன மச்சான், புள்ளையிட வாய அடைச்சிட்டீங்க போல."

"தெரியாதெண்டு செல்றவள நம்பலாம்டா. அவள அனுப்பினவன் ஆரு? ஏன் நம்மட எடம்? அதக் கேட்டியா நீ?"

நான் கேட்கவில்லை. யாரும் கேட்கவில்லை. கோடை முடிய மிஸ் எல்லோருக்கும் கைகாட்டிவிட்டுப் பெட்டிகளோடு போனார். இறாலும் முன்போலத்தான் பட்டது. மீன்பிடிச் சங்கத்தில் எல்லோரும், வீணாகச் சந்தேகப்பட்டாரென்று மச்சானைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பிறகொரு காலையில் போனால் எங்கள் இடத்தில் கம்பு நட்டு வலைக்கூடு கட்டிக்கொண்டிருந்தார்கள். மீன் வளர்க்கப் போகிறார்களாம்.

"உப்பும் சூடும் தோதான எடம் ஐயா, அளந்து பாத்துத்தான் வந்த" என்றான் கம்பு நட்டவன்.

"ஆர் அளந்த?" என்றார் மச்சான்.

அவனுக்குத் தெரியவில்லை. மீன்பிடிக் கந்தோரில் போய் விசாரித்தோம், அங்கேயிருந்த அதிகாரிகள் ஒருவருக்கும் தெரியவில்லை. மச்சான் அந்தக் கம்பிலேயே தோணியைக் கட்டி மத்தியானம் வரைக்கும் குந்தியிருந்தார். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் அவர் வரவேயில்லை, மௌத்தாகிக் கண்ணை மூடும் வரைக்கும்.

மிஸ் வேண்டுமென்று செய்தார் என்று நான் சொல்லமாட்டேன். செய்யவில்லை என்றும் சொல்லத் தெரியவில்லை. இதைக் கேட்கிறவர்களில் யாராவது அவரைக் கண்டால் இப்படிச் சொல்லுங்கள்: "ஆத்தங்கரையில ஒரு கிழவன் கேக்கச் சொன்னவர். கோவமில்லயாம். அளந்தத ஆர்ர கையில குடுத்தீங்க எண்டு மட்டும் செல்லட்டாம்."