டங்கனின் கோட்டுப் பை

அண்டார்க்டிகாவுக்கு அருகிலுள்ள தெற்கு ஜார்ஜியா தீவில் இறங்குவதற்கு முந்தின நாள், கப்பலில் எல்லோருடைய உடைகளையும் சோதித்தார்கள். அங்குள்ள உயிர்களுக்குக் கேடு வராமலிருக்க, வெளியிலிருந்து ஒரு புல்விதைகூடத் தீவுக்குள் போகக் கூடாது. மியூரியல் போட்டிருந்தது இறந்துபோன கணவர் டங்கனின் கோட்டு. அவர் பென்குயின்களைக் கணக்கெடுத்த கரையில் ஒருமுறை நிற்க வேண்டும் என்பதே அவள் ஆசை. கோட்டுப் பையில் அவர் சிந்திய புகையிலைத் தூள் அப்படியே இருந்தது. கோட்டைத் துவைக்க அவளுக்கு மனம் வந்ததில்லை.

“இதோட இறங்க முடியாதுக்கா. வேணும்னா கப்பல்லேர்ந்தே தீவோட பனிமலையப் பாருங்க,” என்றாள் சோதனைக்கார ஷீனா.

“வெத ஒட்டியிருக்கும்னு என் பூட்ஸையே மூணு தடவ தேய்க்கச் சொன்ன மனுஷன்மா அவரு. இதப் பாத்திருந்தா என்னைத்தான் திட்டியிருப்பாரு.”

மியூரியல் பையின் உட்புறத்தை வெளியே இழுத்து, தூசி உறிஞ்சும் குழாயை ஷீனாவின் கையிலிருந்து வாங்கித் தானே தூளை உறிஞ்சி எடுத்தாள்.

மறுநாள் பென்குயின்களுக்கு நடுவே, வெறும் பைக்குள் கையை விட்டபடி வெகுநேரம் நின்றாள்.