தரை காயும் வரை

லிங்கராஜபுரத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் ஹவுஸ்கீப்பிங் வேலை செய்கிறேன். அங்கே ஜோசப் அங்கிள் என்று ஒருவர். அவர் அறையை நான் துடைத்து முடித்த பிறகும் உள்ளே வரமாட்டார். வாக்கரைப் பிடித்தபடி வாசலில் நின்று தரையையே பார்த்துக்கொண்டிருப்பார். என் வேலையில் குறை தேடுகிறார் என்று எனக்கு எரிச்சலாக வரும்.

ஒரு நாள் கேட்டே விட்டேன். "எங்க அங்கிள் அழுக்கா இருக்கு? சொல்லுங்க, மறுபடி துடைக்கிறேன்."

"அழுக்கெல்லாம் இல்லம்மா. ஈரத்துல நடந்தா தடம் விழும். நீ திரும்ப மாப் போடணுமே" என்றார். அவர் கால்கள் நடுங்கிக்கொண்டிருந்தன.

இப்போதெல்லாம் பக்கெட்டை உள்ளே கொண்டுபோகும் முன், வெளியே அவருக்கு ஒரு நாற்காலி போட்டுவிடுகிறேன்.

நான் துடைத்த தரை காயட்டும் என்று என் வீட்டில்கூட யாரும் நின்றதில்லை.