பாக்கார் ஆராங்கில் ஒரு தோளும் ஒரு முட்டியும்

தைப்பூசத்துக்கு ஏழு வாரம் இருந்தபோது, மச்சான் சேகரும் நானும் எலும்பு மருத்துவரைப் பார்க்கப் எங்கள் ஊர் பண்டார் பாருவிலிருந்து பாக்கார் ஆராங் மருத்துவமனைக்குப் போனோம். சேகர் என் மனைவியின் தம்பி. இருவரும் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறவர்கள். அவனுக்கு வலது தோளில் வலி, எனக்கு இடது முட்டியில்.

எங்கள் உருமி மேளக் குழுவில் முன்வரிசை இடம் பதினோரு வருடமாக என்னுடையது. அங்கே நிற்பவர் காவடிக்காரரைப் பார்த்தபடி பின்னோக்கியே நடக்க வேண்டும். முட்டி மடங்காவிட்டால் அந்த இடம் சேகருக்குப் போய்விடும். எனக்கு அதுதான் கவலை, வலிகூட அப்புறம்தான்.

காலை ஆறரைக்குக் கிளம்பினால் நெடுஞ்சாலையில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். எட்டுக்குள் போய்விடுங்கள், பிறகு கார் நிறுத்த இடம் கிடைக்காது. வழியில் சேகர் தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக் வாங்கி, மிளகாய்ச் சம்பலில் கிடந்த நெத்திலியை ஒன்றுவிடாமல் தின்றான். முட்டியில் சுண்ணாம்பு படிந்திருக்கிறது என்று ஊர் கிளினிக்கில் சொன்னதிலிருந்து, முள்ளோடு தின்னும் மீனில் சுண்ணாம்பு அதிகம் என்று பயந்து நான் மூன்று மாதமாக நெத்திலியைத் தொடவில்லை. அவன் மென்ற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே காரோட்டினேன்.

மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்தார்கள், பிறகு ஜெல் தடவி ஸ்கேன். சேகரின் தோள் தசைநாரில் வெள்ளையாக ஒரு திட்டு தெரிந்தது. மரத்துப்போக ஊசி போட்டு, ஸ்கேனைப் பார்த்தபடியே இன்னோர் ஊசியால் உப்புநீரைச் செலுத்தி உறிஞ்சினார் டாக்டரம்மா. சுண்ணாம்புத் தண்ணீர் போலக் கலங்கலாக வந்தது. கால் மணி நேர வேலை. சேகர் அதைப் படமெடுத்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டான். என் மனைவி உடனே கும்பிடும் கை அனுப்பினாள். நான் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

என் முட்டியின் உட்பக்கத்தில், தொடையெலும்போடு தசைநார் சேரும் இடத்தில் கீற்றாகச் சுண்ணாம்பு. போன வருடம் குலை விழுந்து அடிபட்ட இடம் அது. ஊசி தேவையில்லை, மாத்திரையும் ஆறு வாரப் பயிற்சியும் போதும், பிறகு பார்க்கலாம் என்றார். எனக்கும் ஊசியே போடச் சொல்லி அடம்பிடித்தேன். அவனுக்குக் கால் மணி, எனக்கு ஆறு வாரமா?

முட்டியைச் சுற்றிக் கன்றியிருந்ததைப் பார்த்து, யார் அமுக்கியது என்று கேட்டார். யாருமில்லை என்றேன்.

"மச்சான் பொய் சொல்றாரு டாக்டர்," என்றான் சேகர். "மசாஜ் பண்றவங்ககிட்ட வாராவாரம் உருட் பண்ணிக்கிறாரு. கட்டைய வச்சுத் தேச்சா சுண்ணாம்பு ஒடைஞ்சிடுமாம்."

"அதான் வீங்கியிருக்கு லா. இன்னும் தேச்சீங்கன்னா முட்டி மடங்காமலே போயிடலாம்," என்றார் அவர். நெத்திலிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, தாராளமாகச் சாப்பிடலாம் என்றும் சொன்னார்.

வந்ததுதான் வந்தோம் என்று மீன்பிடி ஊரான தஞ்சோங் டாவாய்க்குப் போனோம். காரில் அரை மணிக்குச் சற்று அதிகம். கருவாட்டுக் கடையில் சேகர் எனக்காக ஒரு கிலோ நெத்திலி வாங்கினான். காட்டிக்கொடுத்தவன் கையால் வாங்க மனமில்லை. பொட்டலம் வீடு வரும்வரை பின்சீட்டிலேயே கிடந்தது.

தைப்பூசத்தன்று முட்டி பாதிதான் மடங்கியது. சேகர் முன்வரிசையில் அடித்தான், நான் ரதத்துக்குப் பின்னால் தண்ணீர் போத்தல்களைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். ஒரு திருப்பத்தில் அவன் தாளம் தவறினான். வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

போகிறவர்களுக்கு: பழைய எக்ஸ்ரேயைக் கொண்டுபோங்கள். ஊசி போட்டுக்கொண்டவர் திரும்பும்போது காரோட்ட வேண்டாம். உருட் பண்ணியிருந்தால் மறைக்காதீர்கள்.

அன்றோடு உருட்டை விட்டேன், பயிற்சியை விடவில்லை; இப்போது முட்டி முழுதாக மடங்குகிறது, அடுத்த தைப்பூசத்துக்கு முன்வரிசை மறுபடி எனக்கு. அன்றைக்கு சேகர் வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்தக் கட்டையே என் முட்டியை முடித்திருக்கும், இடமும் அவனுக்கே நிலைத்திருக்கும். அது அவனுக்கும் தெரியும். அவன் இடத்தில் நான் இருந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.