தகடு இல்லாத இடம்

நம்பாதவர்கள் இங்கேயே மூடிவிடலாம், எனக்கு நஷ்டமில்லை. கண்ணால் பார்த்ததைத்தான் எழுதுகிறேன். பேய் ராத்திரியில்தான் வரும் என்று எவன் கிளப்பிவிட்டானோ! எங்களுக்கு நடந்தது உச்சி வெயிலில்.

1986 சித்திரை. திருநகர் தாண்டி ஒரு பரிசோதனைக் கூடத்தில் நான் ஃபிட்டர். பூகம்பம் தாங்கும் கட்டடங்களுக்கான இரும்புத் தகடுகளை அங்கே சோதிப்போம். ஆட்டும் மேடைமேல் நாலு தூண், தூண்கள்மேல் கனத்த கான்கிரீட் பலகை, நடுவே தகடு. மேடை குலுங்கினால் கட்டடத்துக்கு விழுகிற அடியையெல்லாம் தகடு வாங்கிக்கொள்ளும். அது வளைந்து சாகும், கட்டடம் நிற்கும். செத்ததைக் கழற்றிவிட்டுப் புதுசு மாட்டுவோம்.

அன்று பழைய தகட்டைக் கழற்றியாயிற்று. என் மைத்துனன் காசிமாயன் தூண்களுக்கு நடுவே புகுந்து போல்ட் ஓட்டைகளைத் துடைத்துக்கொண்டிருந்தான். புதுத் தகடு என் கையில். மேடைக்குக் கரண்ட் போகாதபடி ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி என் பையில் போட்டிருந்தேன். மணி பன்னிரண்டு.

டக்...

மேடை அசைந்தது.

"மாமா, வெளையாடாதீக."

"நான் தொடவே இல்லடா! வெளிய வா மாப்ள!"

அவன் எழுவதற்குள் மேடை பாய்ந்தது. தூணில் மோதி விழுந்தான். தகடு இல்லாமல் இப்படிக் குலுங்கினால் பலகை அவன் தலையில் இறங்கிவிடும்.

ஆனால் தூண்கள் நின்றன. தகடு இருக்க வேண்டிய வெற்றிடத்தில் எதுவோ அடி வாங்கியது.

மடக்...

இரும்புச் சத்தம் இல்லை அது. எலும்பு.

ஒவ்வொரு குலுக்கலுக்கும் ஓர் அலறல். காசிமாயன் வாய் மூடியிருந்தது.

மடக்... மடக்...

வெற்றிடத்திலிருந்து ரத்தம் பீய்ச்சியது.

மேடை நின்றது.

காசிமாயன் தவழ்ந்து வெளியே வந்தான். உடம்பெல்லாம் ரத்தம். துடைத்துப் பார்த்தேன், ஒரு கீறல்கூட இல்லை.

"அலறுனது யாருன்னு தெரியுதா மாமா?"

தெரிந்த குரல்தான்.

சாயங்காலம் உசிலம்பட்டிப் பக்கம் என் மாமியார் ஊரிலிருந்து ஆள் வந்தது. காசிமாயனின் தம்பி நல்லகாமன், உள்ளே தாழ்ப்பாள் போட்ட மோட்டார் ரூமில் செத்துக் கிடந்தானாம். மத்தியானம் அவன் அலறியதைக் கேட்டுத்தான் கதவை உடைத்திருக்கிறார்கள். தோள், விலா, தொடை... முழுசாக ஓர் எலும்பு இல்லை. யார் அடித்தது என்று போலீஸ் இன்றுவரை சொல்லவில்லை.

என் மாமியார் அன்னக்கொடி, காசிமாயனைக் கட்டிக்கொண்டு கதறினார்.

"ஒனக்கு வேலை கெடச்சன்னைக்கே கருப்பசாமிக்குக் கிடா நேந்து விட்டேன்டா. ஒனக்கு வர்ற அடி அதுக்குப் போகட்டும்னு... முந்தாநேத்து ஒந் தம்பிப் பய அந்தக் கிடாவைக் கசாப்புக்கடைக்கு வித்துப்புட்டானே!"