கிரவுன் காருக்குக் காற்றுப் பார்த்த கிருஷாந்தி

தேயிலைத் தோட்டத்தில் ஃபெக்டரியை யாரும் ஃபெக்டரி என்று சொல்வதில்லை, ஸ்டோரு என்றுதான் சொல்வார்கள். அந்த ஸ்டோரின் மேல்மாடியில் கொழுந்து வாட்டும் வேலை கிருஷாந்திக்கு. ட்ரஃப் என்ற நீளமான தொட்டியில் கம்பி வலை போட்டு, அதன் மேல் பச்சைக் கொழுந்தைப் பரப்புவார்கள். வலைக்கு அடியில் பெரிய விசிறி காற்றை ஊதும். காற்று இலைகளுக்குள் புகுந்து மேலே வரவேண்டும். வருகிறதா என்று உள்ளங்கையை விரித்துப் பார்ப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. "இந்த மூலையில தடிப்பு, கலைச்சு விடுங்க" என்று அவள் சொன்னால் ஸ்டோரைப் பார்க்கும் டீமேக்கர் ஐயாவே மறுபேச்சில்லாமல் ஆள் அனுப்புவார். ஓ.எல். பரீட்சை எழுதிவிட்டு பத்தொன்பது வயதில் ஏறிய மாடி. 2004இல் அவளுக்கு இருபத்து நாலு.

அந்த வருஷம் ஜூலை மாதத்தில் அவள் வீட்டில் ஒரே பேச்சுத்தான். கார்.

அவளுடைய புருஷன் கிஷாந்த் ஹட்டன் ஸ்டாண்டில் ஹயர், அதாவது வாடகை வண்டி, ஓட்டுகிறவன். கொழும்பில் ஒரு கம்பெனி தள்ளிவிட்ட பழைய டொயோட்டா கிரவுனை, நகையும் சீட்டுப் பணமும் போட்டு வாங்கியிருந்தான். பார்த்தால் மந்திரி வரும் வண்டி மாதிரி இருக்கும். மலிவாகக் கிடைத்ததற்குக் காரணம் அதன் எஞ்சின். அது சூப்பர்சார்ஜர் வைத்த எஞ்சின், அதைத் தொடவே மெக்கானிக்குகள் பயந்தார்கள்.

சூப்பர்சார்ஜர் பெரிய மாயமில்லை. எஞ்சினுக்குள் காற்றை அமுக்கித் திணிக்கும் ஒரு பம்பு. ஆனால் அமுக்கிய காற்று சூடாகும். சைக்கிளுக்குக் காற்றடித்தவர்கள் பம்பின் அடியைத் தொட்டுப் பார்த்திருப்பார்கள், கை சுடும். அந்தச் சூட்டைத் தணிக்கத்தான் இன்டர்கூலர். கிரவுனில் அது தண்ணீரால் வேலை செய்யும். சூட்டை வாங்கிய தண்ணீர் காரின் முகப்பில் இருக்கும் ஒரு சின்ன ரேடியேட்டருக்கு ஓடி, வெளிக்காற்றில் ஆறித் திரும்பவேண்டும். அந்தச் சின்ன ரேடியேட்டர்தான் துருப்பிடித்து ஓட்டை விழுந்து போயிருந்தது.

சமதரையில் ஒன்றும் தெரியாது. கினிகத்தேனையிலிருந்து ஹட்டனுக்கு ஏறும்போதுதான் விஷயம் வெளிவரும். வட்டவளை தாண்டினதும் எஞ்சினுக்குள் டொக்கு டொக்கென்று சத்தம், பிறகு இழுவை செத்துவிடும். ஹட்டனில் இருந்துகொண்டு கினிகத்தேனைப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கும் நாலு டீச்சர்மார், மாதக் கணக்கில் போய்வர கிஷாந்தைப் பேசியிருந்தார்கள். முதல் நாளே அவர்களை ஒரு வளைவில் இறக்கி முக்கால் மணி நேரம் நிற்க வைத்தாயிற்று.

ஸ்டாண்டில் முச்சக்கரவண்டி ஆண்டியப்பன் சும்மா இருப்பானா? "என்னா ராசா, ரதத்துக்கு மூச்சு வாங்குதாமே! என் ஆட்டோவுல ஒரு கயிறு கட்டிக்க, இழுத்துட்டுப் போறேன்."

சிரிப்பதற்கு இதில் ஒன்றுமில்லை. அந்த மாதக் கூலி போனால் கிஷாந்த் வண்டியை விற்றுவிட்டுக் கொழும்புக்குப் போகவேண்டும். மருதானையில் ஒரு சாப்பாட்டுக் கடை முதலாளி திங்கட்கிழமை பின்னேரம் வரைக்கும் இடம் வைத்திருந்தார். கிருஷாந்தியின் அப்பாவும் அப்படிப் போனவர்தான். தீபாவளிக்கு ஒருதரம், பொங்கலுக்கு ஒருதரம் பிஸ்கட் டின்னோடு வந்து, முகம் பழகுவதற்குள் திரும்பிவிடுவார். ஏழு வயதில் அவள் அவரை "மாமா" என்று கூப்பிட்டுவிட்டாளாம். அவர் அன்று சாப்பிடவே இல்லையாம். இப்போது அவளுடைய மகளுக்கு ஒன்றரை வயது. பகலில் தோட்டத்துப் பிள்ளைக்காம்பரா என்ற குழந்தைகள் காப்பகத்தில் ஆயாம்மாவோடு இருப்பாள். நாள் முழுக்க "ப்பா, ப்பா" என்றுதான் பேச்சு.

ஜப்பானில் செய்த அசல் சாமான் கொழும்பில் இருபத்தெட்டாயிரம் சொன்னார்கள். அதை நினைத்தும் பார்க்க முடியாது. ஹட்டனில் ரேடியேட்டர்களுக்கு ஈயப் பற்று வைக்கும் கணேசமூர்த்தி ஒரு வழி சொன்னார். லொறியிலிருந்து கழற்றிய ஒரு கட்டை ரேடியேட்டர். அகலம் கம்மி, தடிப்பு மட்டும் நாலு விரல்.

"தடிப்பா இருந்தாத்தான் தம்பி தண்ணி நல்லா ஆறும்" என்றார் அவர். ஸ்டாண்டு முழுக்க ஆமாம் போட்டது. கிஷாந்த் மூவாயிரத்துக்கு வாங்கி, இரண்டு நாள் மல்லுக்கட்டி முகப்பில் பூட்டினான்.

வெள்ளிக்கிழமை கிருஷாந்திக்கு லீவு. இரண்டு பேருமாக கினிகத்தேனைக்கு இறங்கித் திரும்பி ஏறிப் பார்த்தார்கள். வட்டவளைக்கே வரவில்லை, வண்டி முனக ஆரம்பித்தது. முன்பு இன்டர்கூலர் மட்டும்தான் சுட்டது, இப்போது எஞ்சின் சூட்டைக் காட்டும் ஊசியும் சிவப்புக்கு ஏறியது.

கிஷாந்த் பானெட்டைத் திறந்துவிட்டு மதகுக் கட்டில் உட்கார்ந்தான். "முடிஞ்சிச்சு புள்ள. பெட்டியக் கட்டு."

"பெட்டி கெடக்கட்டும். எஞ்சின நிப்பாட்டாதீங்க" என்றாள் அவள்.

எஞ்சின் விசிறி பின்னாலிருந்து காற்றை இழுத்துக்கொண்டிருந்தது. கிருஷாந்தி ரேடியேட்டருக்கு முன்னால் உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். ஒன்றுமே தெரியவில்லை. சால்வை நுனியை எடுத்து அதன் முகத்துக்கு நேரே பிடித்தாள். துணி அசையவில்லை. அப்படியே பக்கவாட்டு இடுக்குக்குக் கொண்டுபோனாள். நுனி சட்டென்று உள்ளே இழுபட்டது.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கிற நேரமா அது!

"என்னாடி சிரிக்கிற?"

"கொழுந்த இப்புடித் தடிப்பாக் கொட்டுனா எங்க டீமேக்கரு கிழிச்சிருவாரு. தடிப்பான எடத்துல காத்து நொழையாதுங்க. எங்க இடுக்கு இருக்கோ அது வழியா நழுவிரும். இதுக்குள்ள காத்தே போவல. பின்னால இருக்கிற பெரிய ரேடியேட்டருக்கும் சேத்து வாயப் பொத்தி வச்சிருக்கீங்க."

கிஷாந்த் எழுந்து வந்து தன் கையையும் இடுக்கில் வைத்துப் பார்த்தான்.

"அப்ப?"

"மெல்லிசா, அகலமா வேணும். இன்னொண்ணு, ஏத்தத்துல வண்டி ஊருதுல்ல, எதிர்க்காத்து எங்கேருந்து வரும்? விசிறி இல்லாம எந்த ட்ரஃப்புல கொழுந்து வாடுது? இதுக்குன்னு தனியா ஒரு விசிறி வேணும்."

மறுநாள் காலை கினிகத்தேனையில் பண்டா முதலாளியின் உடைசல் யார்டில் இரண்டு பேரும் நின்றார்கள். கணேசமூர்த்தி திருப்பி எடுக்க மாட்டேன் என்ற அந்தக் கட்டை ரேடியேட்டரைக் கிஷாந்த் தோளில் சுமந்து வந்திருந்தான். முதலாளி வரிசையாக எடுத்துப் போட்டார். அவளோ ஒவ்வொன்றையும் தூக்கி, அவருடைய மேசை விசிறிக்கு முன்னால் பிடித்து, பின்பக்கம் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதலாளிக்கு வியர்த்தது. 'ஐயோ தங்கச்சி' என்பதைச் சிங்களத்தில் சொல்லிக் கெஞ்சினார்.

"அனே நங்கி, ரேடியேட்டர் வாங்குறதா, சீலை வாங்குறதா? என்ட விசிறியக் குடுங்கோ!"

"சீலைன்னா இவ்வளவு பாக்க மாட்டேன் முதலாளி."

மோட்டார் சைக்கிளிலிருந்து கழற்றியது ஒன்று காற்றை நன்றாக விட்டது, ஆனால் உள்ளங்கை அகலம்தான். ஏ.சி. வண்டியின் கண்டென்சர் ஒன்று நல்ல அகலம்.

"இதே எடுத்துக்கலாமே" என்றான் கிஷாந்த். பிறகு அவனே குழாய் வாயில் வாய் வைத்து ஊதிப் பார்த்து முகத்தைச் சுளித்தான். "ம்ஹூம். உள்ளுக்குள்ள வழி ஊசி மாதிரி ஒடுக்கம். தண்ணிய ஓட வைக்கிற நம்ம சின்னப் பம்பு இதுல தள்ளாது."

"காத்துக்கு நானு, தண்ணிக்கு நீங்க" என்றாள் அவள்.

கடைசியில் அது கிடைத்தது. விபத்தில் நசுங்கிய ஒரு குட்டி ஜப்பான் காரின் ரேடியேட்டர். ஒரு விரல் தடிப்பு, நல்ல அகலம், முதுகில் சொந்தமாக ஒரு மின்விசிறி. கிஷாந்த் ஊதினான், தாராளமாகப் போயிற்று. கிருஷாந்தி மேசை விசிறிக்கு முன்னால் பிடித்தாள், பின்னால் இருந்த முதலாளியின் பில் புத்தகம் படபடவென்று புரண்டது. கட்டையைக் கொடுத்து, மேலே ஆயிரத்து இருநூறு வைத்து எடுத்து வந்தார்கள்.

குழாய் வாய் பெரிதாக இருந்தது. ஸ்டோரு வெல்டர் அழகுமுத்து பித்தளையில் இரண்டு ஒடுக்குத் துண்டு கடைந்து கொடுத்தார். ஞாயிறு முழுக்கப் பூட்டினார்கள். சுற்றிலுமிருந்த இடுக்குகளை ரப்பர் ஷீட் வெட்டி அவளே அடைத்தாள், காற்று வேறு வழியாக நழுவிவிடக் கூடாதே.

திங்கட்கிழமை பின்னேரம். பள்ளிக்கூட வாசலில் மூன்று பேர்தான் நின்றார்கள். நாலாவது டீச்சர் லீவு. விஞ்ஞானம் படிப்பிக்கும் பேரின்பநாயகம் மாஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர். குடையை ஊன்றிக்கொண்டு காரைப் பார்த்தார்.

"என்ன தம்பி, இண்டைக்கும் எங்களை ரோட்டில நிக்க விடப்போறீரோ?"

"இல்லீங்க சேர். இன்னிக்கு ஏறலன்னா இனிமே நான் வரமாட்டேன்."

"அவதான் நாலாவது ஆளோ?" என்று கிருஷாந்தியைக் காட்டினார்.

"பாரத்துக்குங்க சேர்" என்றாள் அவள். பின் சீட்டில் சிவனேஸ்வரி டீச்சரும் ரஜனி டீச்சரும் சிரித்துவிட்டார்கள்.

ஏறினார்கள். மலை ஏற்றம் ஆரம்பித்தது. முன்னால் ஒரு கொழுந்து லொறி நத்தை மாதிரி ஊர்ந்தது, முந்தவும் வழியில்லை. கிருஷாந்தி எஞ்சின் ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்படி ஊரும்போதுதானே போன தடவை செத்தது! கிஷாந்த் ஸ்விட்சைத் தட்டினான். முகப்பில் சின்ன விசிறி ங்ஙென்று சுழன்றது. வட்டவளை வந்தது. டொக்குச் சத்தம் வருகிறதா என்று காதைத் தீட்டினாள். வரவில்லை. ரொசல்லையும் வந்தது. சத்தம் வரவில்லை. லொறி ஓரம் கட்டியது. கிஷாந்த் மிதித்தான். அந்தப் பழைய கிரவுன் சீறிக்கொண்டு ஏறியது, எல்லோருடைய முதுகும் சீட்டில் ஒட்டியது!

"ஐயோ தம்பி, மெதுவா!" என்று ரஜனி டீச்சர் கத்தினார். கத்தியதில் பயத்தை விடச் சந்தோஷம்தான் கூட.

ஒரு இடம் கூட நிற்கவில்லை. ஹட்டனில் இறங்கியதும் மாஸ்டர் பானெட்டைத் திறக்கச் சொன்னார். ஒடுக்குத் துண்டு ஒன்றில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் கசிந்தது. கிஷாந்துக்கு முகம் சுருங்கியது.

"அது கிளிப்பை இறுக்கினால் சரி" என்றார் மாஸ்டர். மெல்லிய ரேடியேட்டரைக் குனிந்து பார்த்தார். "ஆர் தெரிஞ்செடுத்தது? நல்ல மூளை."

"வூட்டுக்காரிங்க சேர். கொழுந்து வாட்டுற வேல."

மாஸ்டர் நிமிர்ந்து கிருஷாந்தியைப் பார்த்தார். "பிள்ளை, சூட்டுப் பாடம் படிப்பிக்கேக்கை உங்களை ஒருநாள் வகுப்புக்குக் கூப்பிடவேணும்." பிறகு குடையை விரித்தார். "தம்பி, நாளைக்கு விடிய ஆறேகாலுக்கு வாரும். பிந்தக் கூடாது."

காசு கொடுத்து டெலிபோன் பேசும் கொமியூனிகேஷன் கடைக்குள் கிஷாந்த் மருதானைக்கு நம்பர் சுற்றினான். கிருஷாந்தி கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றாள். அவன் தலையாட்டி, தலையாட்டிப் பேசினான். அவளுக்கு ஒரு வரிதான் கேட்டது. "இல்லீங்க மொதலாளி, வேற ஆளப் போட்டுக்குங்க. நான் இங்கனயே இருக்கப் போறேன்."

வெளியே வந்தவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தூசி" என்றான்.

"ஆமா, ஆமா, ஹட்டன்ல மழையிலயும் தூசிதான்" என்றாள் கிருஷாந்தி. கார்க் கதவைத் திறந்தாள். "ஓட்டுங்க சீக்கிரம். பிள்ளைக்காம்பராவப் பூட்டிட்டா ஆயாம்மா நம்மளத் திட்டும். இன்னிக்கு நீங்களே உள்ள போயி புள்ளயத் தூக்குங்க."