கண்ணுக்கெட்டிய உச்சி

லிஃப்ட் மெக்கானிக் நாற்பது வயதுக்கு மேல்தான் கல்யாணம் செய்துகொண்டார். மனைவியோடு அவளுடைய இரண்டு பெண்களும் வீட்டுக்கு வந்தார்கள். மூத்தவளுக்குப் பன்னிரண்டு வயது, சின்னவளுக்கு எட்டு. இருவரும் அவரை அங்கிள் என்றார்கள். மூத்தவள் அதையும் அவசியப்பட்டால்தான் சொல்வாள்.

அவருக்குப் பேச்சு அவ்வளவாக வராது. நாள் முழுக்க லிஃப்ட் ஏறி இறங்கும் குழிக்குள் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு நிற்பவருக்கு வாய்க்கு ஏது வேலை என்பாள் மனைவி. லீவு கிடைத்தால் மலை ஏறுவார். "நீங்களும் வர்றீங்களா?" என்று பிள்ளைகளிடம் ஒருநாள் கேட்டபோது, மூத்தவள்தான் முதலில் ஷூவைத் தேடினாள்.

செங்குத்தான பாதை. முதலில் காடு, அப்புறம் சரளைக்கல், கடைசியில் வெறும் பாறை. சரளை முடிகிற இடத்தில் சின்னவள் உட்கார்ந்து வாந்தி எடுத்தாள். குடித்த தண்ணீரும் வயிற்றில் தங்கவில்லை.

"இறங்கிடலாம்," என்றார்.

"உச்சி இதோ தெரியுது! நீங்க இவகூட இருங்க. நான் மட்டும் தொட்டுட்டு ஓடி வந்துடறேன்," என்றாள் மூத்தவள்.

"தனியா விட மாட்டேன்மா."

"எங்க அப்பாவா இருந்தா விட்டிருப்பாரு."

"இருக்கலாம்," என்றுவிட்டு, சின்னவளை முதுகில் ஏற்றிக்கொண்டார்.

மழையாவது வந்திருந்தால் திரும்பியதற்கு ஒரு நியாயம் கிடைத்திருக்கும். வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. பாதி வழியில் சின்னவள் தெளிந்து பிஸ்கட் கேட்டாள். மூத்தவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்த மாதம் அவளை மட்டும் கூட்டிப்போனார். சரளையைத் தாண்டிப் பாறைக்கு வந்தார்கள். ஓரிடத்தில் நடக்க ஒரு முழ அகலம்தான், பக்கத்தில் பள்ளம். அவர் தாண்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தார். அவள் இந்தப் பக்கமே பாறையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"என்னால முடியல."

அவர் திரும்பி வந்து பள்ளத்தின் பக்கமாக நின்றுகொண்டார்.

"சரி, உட்காரு."

"திட்ட மாட்டீங்களா?"

"எதுக்கு? முதல் தடவை நானும் திரும்பித்தான் போனேன்."

"இங்கேருந்தா?"

"இவ்வளவு தூரம் எங்க வந்தேன்? காடு முடியற இடத்துலயே."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அழுதாள். அவர் ரொட்டியைப் பிய்த்துக் கொடுத்தார். சாப்பிட்டுவிட்டு இறங்கினார்கள்.

"உச்சி எப்படி இருந்துச்சு?" என்று கதவைத் திறக்கும்போதே அம்மா கேட்டாள்.

"போகல. எனக்குப் பயமாயிடுச்சு," என்றாள் மூத்தவள்.

சின்னவள் கைகொட்டிச் சிரித்தாள். மூத்தவள் அவளைத் துரத்திக்கொண்டு மாடிக்கு ஓடினாள். மெக்கானிக் ஷூவில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டுக் குளிக்கப் போனார்.